இரண்டாவது துணி

ஐயையோ அண்ணனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு எங்கும் அதற்கு வேலை இல்லை. லாரி பின்னால் வந்தால் ஐயையோ, கம்பிக்கட்டு சரிந்தால் ஐயையோ, யாராவது சத்தமாகத் தும்மினாலும் ஐயையோ. கட்டிட வேலை செய்கிறவர்கள் சும்மா விடுவார்களா? "ஐயையோ அண்ணே, சாப்பிட்டாச்சா?" என்று சின்னவர் பெரியவர் வித்தியாசம் இல்லாமல் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஏன் வம்பு என்று அவரும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டார்.

பயம் என்றால் உங்கள் பயம், என் பயம் மாதிரி இல்லை. பதினெட்டு வயதில் சாரம் கட்டும் வேலைக்குப் போனார். இரண்டாவது மாடி உயரத்துக்கு ஏறியவர் கீழே ஒரு முறை பார்த்துத் தொலைத்தார், அவ்வளவுதான். கம்பத்தைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டவரை இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. அடுத்தது வெல்டிங் பட்டறை. பொறி பறந்தால் இவர் தெருவில் நிற்பார். அதற்கடுத்து ஒரு கிடங்கில் காவலாளி. இவரைக் காவலுக்கு எடுத்தவனைத்தான் குறை சொல்ல வேண்டும். "யாரது?" என்று கேட்பதற்கே இவருக்குத் துணைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

இப்படி இடம் இடமாகத் தள்ளப்பட்டு, ஐம்பதாவது வயதில் வந்து சேர்ந்ததுதான் மண் வேலை. ஒரு குன்றின் சரிவை வெட்டி அடுக்குமாடிக் கட்டிடங்கள் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். மரம், செடி, புல் எல்லாவற்றையும் வழித்துவிட்டதில், சிவப்பு மண் தோலுரித்த மாதிரிக் கிடந்தது. வேர் போய்விட்டால் மண் யார் பேச்சையும் கேட்காது. ஒரு மழை போதும், மேலே இருக்கிறது கீழே வந்துவிடும். அதைத் தளத்தை விட்டு வெளியே போகாமல் பிடித்து வைப்பதுதான் ஐயையோ அண்ணனுடைய வேலை. சரிவின் குறுக்கே முளையடித்துத் துணிவேலி கட்டுவார். வேலியின் அடித்துணியை ஒரு சாண் ஆழம் புதைப்பார். குவித்து வைத்த மண்ணைத் தார்ப்பாயால் மூடுவார். வெறும் மண்ணில் வைக்கோல் பரப்புவார்.

இத்தனையும் தாண்டி வருகிற சேற்றுத் தண்ணீர் சரிவின் அடியில் வெட்டிய வண்டல் குட்டையில் சேரும். குட்டையின் நடுவில் ஒரு குழாய் செங்குத்தாக நிற்கும். தலையில் மூடி, உடம்பெல்லாம் ஓட்டை, அதைச் சுற்றி ஒரு வடிதுணி. மண் குட்டையின் அடியில் தங்கிவிடும். தண்ணீர் மட்டும் துணி வழியாக வடிந்து, குழாயில் இறங்கி, கீழ்ச் சந்தின் சாக்கடைக்குப் போகும். இதற்கு மேல் அதில் ஒரு சூட்சுமமும் இல்லை.

இந்த வேலைக்கு அவருடைய பயம் அப்படியே பொருந்திப்போனது. தூறல் விழுவதற்கு முன்பே துணிவேலி ஓரமாக ஓடிக்கொண்டிருப்பார். ஒரு முளை சாய்ந்திருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. கரையிலிருந்து குழாய் வரை போட்ட பலகைப் பாலத்தில் தவழ்ந்தபடியே போய் வடிதுணியைப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு வருவார். குட்டையில் நட்டிருந்த அளவுக்கம்பில் தண்ணீர் எத்தனையாவது கோட்டில் நிற்கிறது என்று ஒரு நாளைக்கு ஆறு முறை பார்ப்பார். "இந்த ஆள் ஒருத்தர் பயந்தா போதும், நாம எல்லாரும் நிம்மதியா இருக்கலாம்" என்று சூப்பர்வைசர் கேலியாகச் சொல்வார். கேலியோ கீலியோ, விஷயம் உண்மைதான்.

அவர் மனைவி இதற்கு நேர் எதிர். பல்லியை வாலைப் பிடித்துத் தூக்கி வெளியே போடுகிற பெண்மணி. ஃபியூஸ் போனால் ஸ்டூல் போட்டு ஏறுவது அந்த அம்மாள், கீழே நின்று "ஐயையோ, பார்த்து, பார்த்து" என்பது இவர். குட்டைக்கு நேர் கீழே, அந்தச் சந்தில் அந்தம்மாள் ஒரு அறை பிடித்து மூன்று தையல் மெஷின் போட்டிருந்தார். உதவிக்கு இரண்டு பெண்கள். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கும் வேலை. அறை பிடிக்கும்போது ஐயையோ அண்ணன் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தார்.

"அந்த இடம் வேணாம்மா. மேல பார்த்தியா? அவ்வளவு தண்ணியும் உன் தலைக்கு மேல நிக்குது."

"நீங்கதான் மேல இருக்கீங்களே. எனக்கென்ன பயம்?"

அந்தம்மாள் ஊசியில் நூல் கோத்தபடி சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்றையிலிருந்து ஐயையோ அண்ணன் அந்தக் குட்டையைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. கரை உடைந்தால் முதலில் போவது அந்த அறைதான். அதற்குள் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மெஷின் மிதித்துக்கொண்டிருப்பது தன் பெண்டாட்டி. மழை வருகிற ஒவ்வொரு நாளும் அவருக்கு வேறு நினைப்பே ஓடாது.

வினை வந்தது சுற்றுச்சூழல் ஆய்வாளர் அம்மா உருவத்தில். அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது, நேர்மையான மனுஷி. சாக்கடையில் செக்கச்செவேலென்று தண்ணீர் ஓடுகிறது என்று சந்துக்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். அந்த அம்மா வந்தார், குழாய் வாயில் ஒரு கண்ணாடிப் புட்டியைப் பிடித்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். புட்டி டீ நிறத்தில் இருந்தது.

"இன்னொரு தடவை இப்படி இருந்தா வேலையை நிறுத்திடுவேன்" என்றார். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அந்த அம்மா போன பிறகு ஐயையோ அண்ணனைச் சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார். "மண்ணைப் பிடிக்கத்தானே ஓய் உம்மை வெச்சிருக்கு? புட்டியில இருக்கிறது என்ன, மண்ணாங்கட்டியா?"

மனிதர் ஒரு ராத்திரி முழுக்கப் புரண்டார். செவ்வாய்க்கிழமை காலையில் பலகைப் பாலத்தில் தவழ்ந்து போய், இருந்த வடிதுணிக்கு மேலே இன்னொரு துணி சுற்றினார். அதுவும் துணிவேலிக்கு வாங்கியதில் மிச்சமான துணி, நெருக்கமான நெசவு. அவிழ்ந்துவிடுமோ என்ற பயத்தில் கட்டுக்கம்பியால் எட்டுச் சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் குறடால் முறுக்கினார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் திட்டு விழும் என்று பயம்.

புதன்கிழமை ஒரு சின்ன மழை. ஆய்வாளர் அம்மா மறுபடியும் புட்டியோடு வந்தார். குழாயிலிருந்து வந்த தண்ணீர், அடடா, குடிக்கலாம் போல இருந்தது. "ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க" என்று ஐயையோ அண்ணனின் முகத்தைப் பார்த்தே சொன்னார். ஐம்பத்திரண்டு வயதில், வேலை விஷயத்தில் அவரை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. பாவம், தலைகால் புரியவில்லை மனிதருக்கு. அந்தத் துணியைத் தொட்டுக் கலைக்க அவருக்கு மனசு வரவில்லை. பிரஷ்ஷை எடுத்துக் கொட்டகையில் மாட்டிவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் அளவுக்கம்பைப் பார்த்தார். தண்ணீர் ஐந்தாவது கோட்டில் நின்றது. சாயங்காலமும் ஐந்தாவது கோடு. மழை இல்லாத நாளில் ஒரு கோடாவது இறங்க வேண்டும், அது அவருக்குத் தெரியும். 'மெதுவாக வடிகிறது, அதனால்தான் தெளிவாக இருக்கிறது' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வாழ்நாள் முழுக்க வேண்டாத இடத்திலெல்லாம் பயந்த மனிதர், பயப்பட வேண்டிய ஒரே ஒரு நாளில் தன்னை அடக்கிக்கொண்டார். நினைத்தால் எனக்கே ஆத்திரம் வருகிறது.

வெள்ளிக்கிழமை மதியம் வானம் பொத்துக்கொண்டது. அரை மணி நேரத்தில் சரிவு முழுக்கச் சிவப்பு ஓடைகள். துணிவேலிகள் வயிறு தள்ளி நின்றன. ஐயையோ அண்ணன் குட்டைக் கரைக்கு ஓடி வந்தபோது தண்ணீர் எட்டாவது கோடு. பத்தாவது கோடு கரையின் தலை. குழாயின் மறுமுனை கீழே தெரிந்தது. அதிலிருந்து சுண்டுவிரல் தடிமனுக்குத் தண்ணீர் வழிந்தது, தெளிவாக, அழகாக.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு துணிக்கும் நடுவே களிமண் பசை போல அப்பி, ஓட்டைகள் அத்தனையும் அடைந்துவிட்டன. குட்டை குட்டையாக இல்லை, வடிய வழியில்லாத அண்டாவாக ஆகிவிட்டது.

கரை நிறைந்தால் வழிந்து போவதற்கு ஒரு மூலையில் தாழ்வாக வாய் விட்டிருந்தார்கள். கான்கிரீட் லாரிக்குப் பாதை வேண்டும் என்று சூப்பர்வைசர் இரண்டு வாரத்துக்கு முன்பு அதைக் கல்லும் மண்ணும் கொட்டி இறுக்கியிருந்தார். "ரெண்டே நாள்தான்" என்று சொன்னது. அவர் சொல்கிற ரெண்டு நாளைப் பற்றி உங்களுக்கும் தெரிந்திருக்கும். அன்றைக்குப் பார்த்து அவர் தளத்திலும் இல்லை.

கரையின் அடிவாரத்தைப் பார்த்தார் ஐயையோ அண்ணன். ஓரிடத்தில் ஊற்று மாதிரிக் கசிந்துகொண்டிருந்தது. தெளிந்த கசிவு என்றால் பரவாயில்லை. இது சிவப்பாகக் கசிந்தது. கரை உள்ளுக்குள்ளே கரைகிறது என்று அர்த்தம். அதற்கு நேர் கீழே தகரக் கூரை. அந்தக் கூரைக்குள்ளிருந்துதான் மெஷின் சத்தம் வரும்.

போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பான எண்ணை அழுத்தினார்.

"ஐயையோ, வெளிய வா! உடனே வெளிய வா! கரை போகப்போகுது!"

"ஆரம்பிச்சுட்டீங்களா?" அந்தம்மாளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "போன வாரம் கேஸ் வெடிக்கப் போகுதுன்னீங்க. அதுக்கு முந்தின வாரம் கம்பம் சாயப் போகுதுன்னீங்க. நாற்பது செட்டு சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும், வைங்க போனை."

வைத்துவிட்டார். யாரைக் குற்றம் சொல்வது? இருபத்தேழு வருஷமாகத் தினமும் அலறுகிற மனிதர், உண்மையாக அலறும்போது வேறு எப்படி அலறுவார்? அவரிடம் இருந்தது ஒரே ஒரு சத்தம்தான், அதைச் செலவழித்துத் தீர்த்துவிட்டார்.

மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை அவர் வாயிலிருந்து வந்த குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"நான் சொல்றதைக் கேளு. ஒண்ணுமில்லை, பயப்படாதே. மெஷினை அப்படியே விட்டுடு. அந்தப் பொண்ணுங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு, பக்கத்து வீட்டுக் கதவுங்களைத் தட்டிக்கிட்டே மேட்டுத் தெருவுக்குப் போயிடு. ஓட வேணாம், வழுக்கும்."

அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது. தன் புருஷன் வாயிலிருந்து 'பயப்படாதே' என்ற வார்த்தையை அந்தம்மாள் கல்யாணமான நாளிலிருந்து கேட்டதில்லை.

"என்னங்க... என்னாச்சுங்க?"

"போம்மா" என்றார்.

ஆனால் சந்தில் மற்ற வீடுகளும் இருந்தன. எல்லோரும் வெளியே வரப் பத்து நிமிஷமாவது ஆகும். தண்ணீர் ஒன்பதாவது கோட்டைத் தொட்டிருந்தது. தளத்தில் மண் தோண்டுகிற பொக்லைன் ஓட்டுநர் வண்டியை விட்டு இறங்கி ஓடி வந்தார். "வண்டியைக் கொண்டாந்து அடைச்ச வாயைத் தோண்டிடட்டுமா அண்ணே?"

"ஐயையோ, வேணாம்! வண்டி கனத்துக்குக் கரை அப்படியே உட்கார்ந்துடும். துணியை அறுக்கணும். வேற வழி இல்லை."

"யாரு அறுக்கிறது?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே வேறு ஆள் இல்லை. ஓட்டுநருக்குக் குழாய் இருக்கும் இடமே தெரியாது, சேற்றுத் தண்ணீரில் அது முழுக்க முழுகிவிட்டிருந்தது. பலகைப் பாலம் எப்போதோ மிதந்து போய்விட்டது. நீச்சல் தெரியாத, குனிந்து கிணறுகூடப் பார்க்காத ஐயையோ அண்ணன் கத்தியைச் சட்டைப்பையில் செருகி, தார்ப்பாய்க் கயிற்றை இடுப்பில் கட்டி, மறுமுனையை ஓட்டுநர் கையில் கொடுத்தார். "விட்டுடாதேப்பா. தம்பி, உன் காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன், விட்டுடாதே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொல்லிக்கொண்டே இறங்கினார். அழுதுகொண்டுதான் இறங்கினார், அதை ஏன் மறைக்க வேண்டும்?

கால் வண்டலில் முழங்கால் வரை புதைந்தது. தண்ணீர் மார்புக்கு வந்து, கழுத்துக்கு வந்தது. கையால் துழாவிக் குழாயைப் பிடித்தார். கம்பி. எட்டுச் சுற்று. ஒவ்வொன்றும் குறடால் முறுக்கியது. கத்தியால் கம்பியை என்ன செய்ய முடியும்? முறுக்கைக் கையால் அவிழ்க்கப் பார்த்தார், நகம் பிய்ந்தது. கடைசியில் கம்பியை விட்டுவிட்டு, இரண்டு சுற்றுக்கு நடுவே இருந்த துணியில் கத்தியைக் குத்தி, கண்ணை மூடிக்கொண்டு கீழ்நோக்கி இழுத்தார். மூச்சுக்கு ஒரு வாய் சேறு உள்ளே போனது. இன்னொரு முறை குத்தினார். எந்தத் துணி பழையது, எந்தத் துணி புதியது என்றெல்லாம் பார்க்கவில்லை, இரண்டையும் கிழித்தார்.

குழாய் ஒரு உறுமல் உறுமியது. தண்ணீர் அவர் கையை ஓட்டைகளோடு சேர்த்து உறிஞ்சிப் பிடித்தது. "இழு! இழு! ஐயையோ, இழு!" என்று கத்தினார். ஓட்டுநர் இழுத்த இழுப்பில் இடுப்புத் தோல் உரிந்தது. கரையில் மல்லாந்து கிடந்து கம்பைப் பார்த்தார். வெகுநேரம் அது ஒன்பதாவது கோட்டிலேயே இருந்தது. பிறகு கோட்டுக்குக் கீழே ஒரு விரல் ஈரம் தெரிந்தது.

கீழே குழாய் வாய் செந்நிறமாகக் கக்கியது. சாக்கடை கொள்ளவில்லை, சந்து முழுக்க முழங்கால் சேறு. தையல் அறைக்குள் நாற்பது செட்டுச் சீருடையும் நாசம். ஆனால் கரை நின்றது. சந்துக்காரர்கள் எல்லோரும் மேட்டுத் தெருவில், ஒரு செருப்புக்கூட இல்லாமல், ஆனால் முழுதாக நின்றார்கள்.

மறுநாள் காலையில் ஆய்வாளர் அம்மா வந்தார். சந்துக்காரர்களும் கரைக்கு ஏறி வந்திருந்தார்கள். தையல்கார அம்மாள் முன்னால் நின்றார். "எங்க வீட்டுக்காரர் மட்டும் இறங்கலேன்னா நாங்க இன்னைக்கு இல்லை" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப் பெருமையாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

ஆய்வாளர் அம்மா குழாயைப் பார்த்தார். கிழிந்த துணி இன்னும் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. "இதென்ன ரெண்டாவது துணி?"

சூப்பர்வைசர் தயாராக இருந்தார். "வெள்ளத்துல மேலேர்ந்து அடிச்சுக்கிட்டு வந்து சிக்கியிருக்குங்க."

"எட்டுச் சுற்றுக் கம்பியும் சேர்ந்தா அடிச்சுக்கிட்டு வந்துச்சு?"

ஐயையோ அண்ணனுக்கு முந்தின நாள் தண்ணீரில் இறங்கியதைவிட இது பெரிய இறக்கமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் சூப்பர்வைசர் எப்படியாவது சமாளித்துவிடுவார். மனைவி அவர் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

"நான்தாங்க கட்டினேன்" என்றார்.

"ஏன்?"

"தண்ணி தெளிவா வந்தா நீங்க திட்ட மாட்டீங்கன்னு..."

ஆய்வாளர் அம்மா புட்டியை வெறுமனே கையில் உருட்டிக்கொண்டு நின்றார், திறக்கவில்லை. வழிவாயை மறுபடி தோண்டித் திறக்கிற வரை வேலை நிறுத்தம் என்று எழுதினார். சூப்பர்வைசரை வேறு தளத்துக்கு மாற்றினார்கள். ஐயையோ அண்ணனைப் போகச் சொல்லவில்லை. போகச் சொல்லியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனைவி இரண்டடி தள்ளியே நடந்தார்.

தையல் மெஷின்களைக் கழுவி, எண்ணெய் போட்டு, மேட்டுத் தெருவில் ஒரு அறைக்கு மாற்றினார்கள். அங்கே குட்டையிலிருந்து எதுவும் வர வழியே இல்லை. ஆனால் அந்தம்மாள் பழைய அந்தம்மாள் இல்லை. தூறல் சத்தம் கேட்டால் மெஷின் மிதிப்பது நின்றுவிடுகிறது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தே உட்காருகிறார். உத்தரத்தில் ஊர்கிற பல்லி இப்போதெல்லாம் அங்கேயே இருக்கிறது. ஒரு வீட்டில் பயப்படுவதற்கு ஒரு ஆள் போதும் என்று இத்தனை காலம் நடந்துகொண்டிருந்தது. அந்த ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் பயப்படலாம், ஏனென்றால் இன்னொருவர் பயப்படமாட்டார். அது போயிற்று. அதைத் தொலைத்தது தான்தான் என்று ஐயையோ அண்ணனுக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம், ஒரு முற்பகலில் மழை பிடித்தது. புதுத் துணி, ஒற்றைத் துணி, காலையில்தான் தேய்த்திருந்தார். தண்ணீர் நான்காவது கோடு. குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றபோது போன் அடித்தது.

"என்னங்க, மழை வருதுங்க."

"ஆமாம்மா. நாலாவது கோடுதான். நல்லா வடியுது."

"நிஜமாவா?"

"நிஜமா."

"அந்தத் துணியைக் கட்டின அன்னைக்கு நான் கேட்டிருந்தாலும் இப்படித்தானே சொல்லியிருப்பீங்க" என்றார் அந்தம்மாள். சண்டைக் குரல் இல்லை, குரல் நடுங்கியது. அந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை. தன் தொண்டையிலிருந்து வர வேண்டியது அங்கேயிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஐயையோ என்றுகூட அவருக்கு வாயில் வரவில்லை.

குடையை மடக்கிக் கீழே வைத்தார். கரையிலிருந்து இறங்கி, குழாயின் மறுமுனை இருக்கிற இடத்துக்கு வழுக்கி வழுக்கிப் போனார். சட்டை நனைந்தது. குனிந்து, போனைக் குழாய் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினார். தண்ணீர் கொட்டுகிற சத்தம் பெரிதாக இருந்தது. கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு, காதில் வைத்தார்.

"கேக்குதா? போய்க்கிட்டுத்தான் இருக்கு."

"கேக்குது" என்றார். பிறகு, "வெச்சுடாதீங்க" என்றார்.

அவர் மறுபடியும் குனிந்து போனை நீட்டினார். மழை விடுகிற வரை, கை மாற்றி கை மாற்றி, அப்படியே நின்றார்.